பாதி காலி

ஆல்தாவில் சூரியன் கடையைச் சாத்தி ஒன்பது நாள்.
சர்வர் அறையில் மட்டும்
பச்சைப் புள்ளிகள் விழித்திருக்கின்றன.

கடலுக்குப் போகும் படகுகளின் பேரேடு:
போனது, எத்தனை பேர், வந்தது.
மூன்று ஊர்களில் மூன்று பிரதி.
எந்த இரண்டு ‘ஆம்’ என்றாலும்
நடந்ததாகக் கணக்கு.
ஹாமர்ஃபெஸ்ட்டும் பூடோவும் ஓடுகின்றன.
மூன்றாவதை நான் அடுக்குகிறேன்.

நான்கு டிஸ்க்கையும் ஒரே கயிற்றில் கட்டவில்லை.
ஒன்று செத்தால் ஒன்றே சாகட்டும்.
லாகுக்குத் தனி டிஸ்க்:
அதற்கு முன்னால் நடக்க மட்டுமே தெரியும்,
தேடுகிறவர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் தெருவில் விட்டால்
தடுக்கி விழும்.

‘வாங்கியதில் பாதியை ஏன் சும்மா வைக்கிறாய், குன்வோர்?’
தூர்கெய்ரின் மடல். நிதிப் பிரிவு.
பழைய அடுக்குகளைப் பிரித்து, கலந்து,
செத்த வரிகளைக் களைந்து
மறுபடி அடுக்க அதற்கு இடம் வேண்டும்.
பாயை விரிக்க வழியில்லாத அறையில்
மடிக்கவும் வழியில்லை.
இதை எழுதி, அழித்து,
‘தேவை’ என்று மட்டும் அனுப்பினேன்.

பிறகு சோதனை.
போன ஜனவரியின் பதிவுகளை மொத்தமாக ஊட்டினேன்.
எழுதிவிட்டேன், எழுதிவிட்டேன், எழுதிவிட்டேன் என்றது.
சொல்லிக்கொண்டிருக்கும்போதே
மின்கேபிளைப் பிடுங்கினேன்.

எழுந்து வந்ததும் எண்ணினேன்.
பதினோரு வரி குறைவு.

மாத்திரையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு
விழுங்கியாச்சு என்று
நாக்கை நீட்டிக் காட்டும் பிள்ளை
இந்த டிஸ்க்.

கடைசியாகத் தொலைந்தது:
லுண்டெ, 04:12, வந்தது, இரண்டு பேர்.
அதில் ஒருவர் ஓட்வார்.
காலையில் டயர்க் கடையில் விலை பேசி
சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.
இந்தப் பெட்டிக்குள் அவர் ஜனவரியிலிருந்து
கடலிலேயே இருக்கிறார்.
சிரித்தேன்.

மூன்று வரி மேலே தொலைந்தது
ஒரு ‘போனது’.
நான்கு பேர்.
போகாதவர்களை யார் தேடுவார்கள்?

மூன்று ஊரிலும் ஒன்றாகவா மின்சாரம் போகும்
என்பார் தூர்கெய்ர்.
புயல் அவரைக் கேட்டுக்கொண்டா வரும்?
இரண்டு சாட்சியில் ஒன்று பொய்ச்சாட்சி என்றால்
மிச்சம் எத்தனை?

டிஸ்க்கின் கேஷை அணைத்தேன். ஒரே ஒரு வரிக் கட்டளை.
வேகம் பள்ளத்தில் விழுந்தது.
ஒவ்வொரு எழுத்துக்கும் இப்போது
தொண்டையைச் செருமிக்கொள்கிறது.
செருமட்டும்.

மறுபடி ஊட்டினேன், மறுபடி பிடுங்கினேன்.
எண்ணினேன். இருந்தது.
நம்பவில்லை.
பிடுங்கினேன்.

ஏழாவது தடவை
இரவுக் காவலர் ஐலிஃப் கதவில் எட்டிப் பார்த்தார்,
பூட்ஸில் பனியோடு.
‘ஏதாவது பழுதா?’

‘இன்னும் இல்லை,’ என்றேன்
கையில் கேபிளோடு.