நிகர எடை

மணலியில் எடைமேடைக்குப் பக்கத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் எனக்கு வேலை.
லாரி சரக்கோடு ஏறினால் ஓர் எண்,
காலியாய்த் திரும்பினால் இன்னோர் எண்.
கழித்து, சீட்டைக் கிழித்துத் தருவேன்.
பதினோரு வருஷமாய்
நாள் முழுக்க இந்தக் கழித்தல்தான்.

அதனாலோ என்னவோ
புடைப்புச் செதுக்கல் பிடித்துப்போனது.
கூட்டுவதற்கு இதில் ஒன்றும் கிடையாது.

மூலக்கடை சா மில்லில் கீர்த்திபாய்
ஒரு துண்டைக் காலால் நகர்த்திக் காட்டினார்.
"வேங்கை. ஒன்றரை அடி நீளம், ரெண்டு அங்குல கனம்.
வேங்கையில வேங்கையே செதுக்கப் போறியா?"
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்,
அந்த ஜோக்குக்கு ரொம்ப நாளாய்
ஆள் தேடிக்கொண்டிருந்தவர் போல.
கூழைக்கடா என்றேன்.
"ஆடா?" என்றார்.

புலியை வண்டலூரில் கம்பிக்கு அந்தப்பக்கம்
ஒருமுறை பார்த்திருக்கிறேன், தூங்கிக்கொண்டிருந்தது.
கூழைக்கடா அப்படியில்லை.
எண்ணூர்க் கழியில், அனல்மின் குழாய்களுக்குக் கீழே,
காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு
பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி
தினமும் நிற்கும்.

கார்பன் தாளில் வரைந்து இறக்கினேன்.
சமையல் மேடையோடு பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன்.
முதல் ஞாயிறு உளி மரத்துக்குள் போகவில்லை,
கட்டைவிரலுக்குள் போனது.
வேங்கையின் நார் ஒரு திசையில் ஓடாது.
இங்கே வழிவிடும், நகக்கண் அளவு தள்ளி
எதிர்ப்பக்கமாய்ப் பிய்த்துக்கொண்டு வரும்.
வியர்வை பட்ட தூள் கைரேகைக்குள் மஞ்சளாய்ப் படிந்தது.
திங்கட்கிழமைச் சீட்டுகளில் எல்லாம்
என் விரல் தெரிந்தது.

மூன்றாம் வாரம்தான் புரிந்தது,
பறவையை நான் தொடவே கூடாது.
பறவை இல்லாத இடம்தான் என் வேலை.
கழுத்துக்குப் பின்னால் இருக்கும் வானத்தை
கால் அங்குலம், கால் அங்குலமாய்
இறக்கிக்கொண்டே போனேன்.

கீழ்வீட்டுத் தெய்வசிகாமணி சார் மேலே வந்தார்.
"கொட்டாப்புளிச் சத்தம்
என் தலையணைக்குள்ள கேக்குதும்மா."
அடியில் பழைய யோகா பாயை மடித்துப் போட்டேன்.
மறுவாரமும் வந்தார்.
சத்தம் பற்றிப் பேசவில்லை.
தரையில் சுருண்டு கிடந்த சீவலைப் பார்த்து,
"வேங்கைதானே இது?" என்றார்.
சர்க்கரைக்கு நல்லதென்று யாரோ சொன்னார்களாம்.
ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு
விடிந்ததும் குடிக்க வேண்டுமாம்.
டாக்டரைக் கேளுங்க சார் என்றேன்.
கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு
ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டினார்.

ஆடி மாசம், கரண்ட் போன ஒரு மத்தியானம்,
ஜன்னல் வெளிச்சத்தில் அவசரப்பட்டேன்.
அலகின் நுனி தெறித்து
அடுப்புக்கடியில் போய் விழுந்தது.
எடைமேடையில் தப்பு வந்தால்
வண்டியை மறுபடி ஏற்றச் சொல்லலாம்.
மரத்தில் அது நடக்காது.
பிசின் போட்டு ஒட்டிப் பார்த்தேன்,
பொய்ப்பல் மாதிரி இருந்தது, பிடுங்கி எறிந்தேன்.
ரெண்டு வாரம் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

பிறகு ஒருநாள் பருப்பு வேகும்போது தோன்றியது.
தண்ணீரை மேலே ஏற்றினேன்.
தெறித்த இடத்தில் மூன்று அலைகள்,
உடைந்த நுனி அவற்றுக்குள்.
இப்போது அது மீன் பிடிக்கிறது.
என்ன மீன் என்று எனக்கும் தெரியாது.

அந்த ஞாயிறு கழிக்குப் போயிருந்தேன்.
சாம்பல் மேடிட்டு, முழங்காலுக்கும் கீழே தண்ணீர்.
நாலு கூழைக்கடாக்கள் நின்றிருந்தன,
ஒன்றின் அலகும் நனையவில்லை.
போனில் இருந்த என் பலகையின் படத்தை
அவற்றுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
யாரும் கவனிப்பதற்குள்
பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆளிவிதை எண்ணெய் பூசி முடித்தபின்
வேலைக்கு எடுத்துப் போய்த் தராசில் வைத்தேன்.
பெரிய மேடை இதைக் கண்டுகொள்ளாது,
பார்சல் தராசுதான்.
மூன்று கிலோ நூற்றுப்பத்து கிராம்.
வாங்கியபோது நாலு கிலோ எழுநூறு.
சீட்டு அடித்துக் கிழித்தேன்.

மிச்சம் ஒன்றரைக் கிலோ சொச்சம்,
அந்தப் பறவையைச் சுற்றியிருந்த வானம்,
எர்ணாவூர் ஹவுசிங் போர்டு முதல் மாடியில்
தினமும் காலையில் ஒரு டம்ளர்
முகத்தைச் சுளித்துக்கொண்டு
ஒருவர் குடிக்கிறார்.