வரி இருநூறு

தபால்தலை அளவு அட்டை,
முப்பத்திரண்டு ஜிகாபைட்.
என் டிடாக்டிக் காமாவுக்கு மொத்த நினைவே
எண்பது கிலோபைட்.
குருவி தலையில் பனங்காய்.

திர்னவாவிலிருந்து ரதோவான் அனுப்பிய
பச்சைப் பலகையைப் பின்புறம் செருகினேன்.
"மின்சாரத்தை அணைத்துவிட்டுச் செருகு,
மறந்துவிட்டு என்னைத் திட்டாதே"
என்று ரசீதின் முதுகில் எழுதியிருந்தான்.
முதல் தடவை கறுப்புத் திரை.
இரண்டாம் தடவையும்.
அட்டையை எப்படி ஃபார்மட் செய்வதென்பது
ரசீதின் முன்பக்கத்தில்,
விலைக்கும் வரிக்கும் நடுவே
நுணுக்கி எழுதப்பட்டிருந்ததை
அப்புறம்தான் பார்த்தேன்.

அட்டையில் ஒரே ஒரு கோப்பு.
நிலவறையில் பனிச்சறுக்குக் காலணிக்குள் கிடந்த கேசட்டை
மூன்று மாலைகள் ஓடவிட்டு,
மூக்குக்கண்ணாடித் திருப்புளியால்
டேப் தலையை மயிரிழை மயிரிழையாய்த் திருப்பி,
பதினோராவது முறை சுத்தமாய்ப் பிடித்தது.
பன்னிரண்டு நொடிக் கீச்சல்.
கோப்பாக்கினால் அறுநூற்றுச் சொச்சம் பைட்.
"அல்ஜ்பெதாவும் நானும்" என்று பெயர் வைத்தேன்.

பொத்தானை அழுத்தியதும் பட்டியல் வந்தது.
நீளமான பெயர்களை
வால் நறுக்கித்தான் காட்டும் இது.
அல்ஜ்பெ மட்டும் மிஞ்சியிருந்தது,
பக்கத்தில் ஒரு நெளிகோடு, ஒன்று என்ற எண்.
நான் இல்லை.

என்டரிலிருந்து விரலை எடுப்பதற்குள்
ஏறிவிட்டது.
திரையோரத்தில் வரிகள் ஓடவில்லை,
எழுந்து போய்த் தேநீர் வைக்க நேரமில்லை.
வயது? என்று கேட்டது.
ஐம்பத்திரண்டு.
முப்பது தாண்டியவர்களுக்கு இங்கே இடமில்லை,
போய் வாழைப்பழ வரிசையில் நில்.

சமையலறையில் தனியாய் உட்கார்ந்து
சத்தமாய்ச் சிரித்தேன்.
பதினாலு வயதில் நாங்கள் எழுதிய சட்டம்.
முப்பதை அறுபதாக்க எத்தனை விசை வேண்டும்?
வரி நாற்பதைத் திறந்தேன்,
கர்சரை அதன் மேல் கொண்டுபோனேன்,
விட்டுவிட்டேன்.

மறுபடி ஓட்டிப் பொய் சொன்னேன்:
பதினாலு.

திரை வெறுமையானது.
கீழே சின்னதாய்:
பூஜ்யம், ஓகே, ஐம்பது.

வரி ஐம்பது சொல்கிறது:
இருநூறுக்குப் போ.
ஐம்பதுக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை.
கதவை அவ்வளவு கவனமாய்ச் செய்திருக்கிறோம்,
பெரியவர்களைத் திட்டும் வாக்கியத்துக்குச்
சிவப்பு வண்ணம்கூடக் கொடுத்திருக்கிறோம்,
அறையைக் கட்டவேயில்லை.

அந்த ஆகஸ்டில் அவர்கள் வீட்டார்
யூகோஸ்லாவியக் கடற்கரைக்கு
விடுமுறை போனார்கள்.
செப்டம்பரில் ஆசிரியை
வருகைப் பதிவில்
அளவுகோல் வைத்துக் கோடு போட்டார்.

பெட்ர்ஜால்கா, ஒன்பதாம் மாடி.
ஜன்னலில் ஆஸ்திரியா, இப்போது
பேருந்தில் கால் மணி நேரம்.
அங்கே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றாய் எரிந்து ஒன்றாய் அணைகின்றன.

இருநூறு என்று தட்டினேன்.
பி விசை ஒன்றே 'பிரிண்ட்' என்ற முழுச்சொல்லையும் தரும்,
விரலுக்கு அது மறக்கவில்லை.
மேற்கோள்குறியைத் திறந்தேன்.

மூடாமல் என்டர் தட்டினால்
ஏற்றுக்கொள்ளாது,
கேள்விக்குறியை மினுக்கிக் காட்டும்.

காட்டட்டும்.