ஆறாம் பகுதியில் ஒரு லாரி

பட்டியலில் கடைசிக்கு முந்தைய கதை இது.
கடைசி என்றாலாவது ஒரு பேர் இருக்கும்,
திட்டுவதற்கென்றே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.
இதைத் திட்டக்கூட யாரும் எடுப்பதில்லை.

"வேறு ஏதாவது போடட்டுமா?" என்கிறார் ரோலண்ட் பெவரில்,
மூன்றாம் வீட்டுக்காரர். குறுந்தட்டுகள் எல்லாம் அவருடையவை,
ஆண்டுவாரியாக அடுக்கி, முதுகில் எண் ஒட்டியவை.
கண்ணாடி நகரம் வரும் கதை இருக்கிறதாம்,
இரட்டைச் சூரியன் அணையும் கதை,
நாடே அழுத கதை.
வேண்டாம், ரோலண்ட். உப்பு மனிதர்களே இருக்கட்டும்.

வெளியே பக்ஸ்டன் மழை, ஜன்னலைச் சாய்த்து அடிக்கிறது.
ஹீட்டரில் ஒரே ஒரு கம்பி சிவந்திருக்கிறது.
அவர் தேநீரில் மூன்று சர்க்கரை, மருத்துவர் அறியாமல்.

முதல் பகுதி.
விண்கலத்தின் சுவர் கதவைச் சாத்தினால் ஆடுகிறது.
"இந்தக் கிரகத்தில் உயிரே இல்லை" என்கிறாள் தளபதி.
அவள் தோளுக்குப் பின்னால் ஒரு காகம் வந்து இறங்குகிறது.
உப்பு மனிதன் வருகிறான்,
ரப்பர் முழங்கால் மடிந்து சுருங்க,
முதுகில் ஜிப் தெரிய,
பிரபஞ்சத்தை அடிமை கொள்ள.
வருகிறான், வருகிறான்,
இன்னும் வந்துகொண்டே இருக்கிறான்.
பாவம், அந்தச் சரளையில் வேகமாக நடந்தால் விழுந்துவிடுவான்.
எனக்குத் தெரியும். நானும் அங்கே விழுந்திருக்கிறேன்.

இருபத்தாறு வருடம் அந்தக் கிரகத்தில் வேலை பார்த்தேன்.
ஹாக்ஸ்லோ சுண்ணாம்புக்கல் குவாரி, எடைமேடை அலுவலகம்.
காலி லாரி ஏறும், எழுதுவேன்.
பாரத்தோடு ஏறும், எழுதுவேன்.
கழித்தால் கல்.

படப்பிடிப்புக்காரர்கள் வந்தது ஒரு நவம்பரில்.
நான்கு நாள், மூன்று வேன், அத்தனை பேருக்கும் ஒரே குடை.
மேலாளர் அவர்களுக்கு வடக்குப் பள்ளத்தைக் கொடுத்தார்,
தெற்கில் வெடி வைப்பதை நிறுத்த மாட்டேன் என்றுவிட்டார்.
இரண்டாம் பகுதியில் தளபதி திடுக்கிடுகிறாளே,
அது நடிப்பில்லை.
பதினொன்றேகால் வெடி.

ரோலண்டிடம் இதெல்லாம் நான் சொன்னதில்லை.

மூன்றிலும் நான்கிலும் ஒரே தாழ்வாரத்தில் ஓடுகிறார்கள்.
இடமிருந்து வலம் ஓடி,
விளக்கின் நிறத்தை மாற்றி,
வலமிருந்து இடம்.
ரோலண்ட் தூங்கிப்போனார். ஐந்தில் விழித்து,
"யாராவது செத்தார்களா?"
"இன்னும் ஓடுகிறார்கள்."

ஆறு.
உப்பு அரசன் சாகிறான். இசை. புகை.
புகைக்குப் பின்னால், வலது மூலையில், மேல்பாதையில்
மஞ்சள் லாரி ஒன்று இறங்கிப் போகிறது.
இரண்டு விநாடி. எண்ணியிருக்கிறேன், இரண்டரை வராது.

"இதோ, இதுதான்!" சிரிப்பில் அவர் தேநீர் சிந்துகிறது.
"ஐம்பது வருடமாய் எல்லோரும் சிரிக்கிற பிழை.
வேற்றுக் கிரகத்தில் லாரி!
சொன்ன பேச்சைக் கேட்காத எவனோ ஒரு மடையன்."

கிளெமென்ட் ஹேலம்.
மடையன் இல்லை.
போகாதே என்று சொன்னார்கள்தான், இடது காதில்.
இடது காது அவனுக்கு வெடியோடு போயிருந்தது.
அந்த லாரியில் பதினாறரை டன், என் கையால் எழுதினேன்.
சீட்டை வாங்கும்போது ஜன்னலில் தலையை நுழைத்து
"மேலே ஒரு உப்புக்கட்டி செத்துக் கிடக்கிறான்,
யாராவது அவனுக்குச் சூப் கொடுங்கள்" என்றான்.
ஜனவரியில் ஆஸ்திரேலியா போனான், சுரங்க வேலைக்கு.
நானும் ஒன்று சொல்லியிருந்தேன், டிசம்பரில்,
லாரி உறுமிக்கொண்டிருக்க, எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பாராமல்.

இவ்வளவையும் சொன்னேனா, பாதிதானா, தெரியவில்லை.
ரோலண்ட் துணியால் கம்பளத்தைத் துடைத்தார்,
துடைத்த இடத்தையே வெகுநேரம்.
பிறகு கேட்காமலே பின்னோக்கி ஓட்டினார்.

லாரி பின்பக்கமாகவே மேடேறியது.
செத்த அரசன் எழுந்து உட்கார்ந்தான்,
ஏதோ சாவியைத் தொலைத்தவன்போல் சுற்றுமுற்றும் பார்த்தான்.
காகம்கூட எங்கோ இருந்திருக்கும்.

"அடுத்த வியாழன்?" என்றார் வாசலில், தொப்பியைத் தேடிக்கொண்டு.
கடைசி இடத்தில் இருப்பது எதுவோ
அதைக் கொண்டுவாருங்கள் என்றேன்.