இருப்பது முன்னே

சாஸ்கட்டூனில் இரவு இரண்டேகால். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சர்வர் அறைக்குள் மட்டும் விசிறிகளின் கோடை.
வட்டு நிரம்பிவிட்டது, தொண்ணூற்றெட்டு சதவீதம்.
கோதுமை லாரிகளின் பதினொரு வருட எடைச்சீட்டுகள்
ஒரே அடைவில் குந்தியிருக்கின்றன.

புது வட்டுக்கு அவற்றைக் குடிபெயர்த்தேன்.
பழைய இடத்தில் ஒரு சிம்லிங்க் விட்டுவைக்க வேண்டும்,
எடைமேடை நிரல் விடியுமுன் வந்து தட்டும்போது
வீடு மாறியதே தெரியாமல் உள்ளே போக.

ln -s

இதற்குமேல் கை நிற்கும். ஆறு வருடமாக நிற்கிறது.
எது முதலில், போகிற இடமா, வைக்கிற பெயரா?
பக்கத்து நாற்காலி டாரில் உள்ளங்கையில் எழுதி வைத்திருப்பான்.
எனக்கு இனிஷியல் போதும்:
அ. நிறைமதி.
இருப்பது முன்னே, பெயர் பின்னே.
அம்பலவாணன் ஏற்கெனவே இருந்த ஆள்.
நிறைமதி பிறகு வைத்தது.

இந்த ஊர்ப் படிவங்களில் புள்ளிக்கு இடமில்லை.
அகரத்தை விரித்துப் பின்னால் தள்ளி
சம்பளச்சீட்டில் என்னை மிஸ் அம்பலவாணன் ஆக்கினார்கள்.
காபி மெஷினருகே யாரோ அவரைக் கூப்பிடுகிறார்கள்,
திரும்பிப் பார்ப்பது நான்.

எண்டர் தட்டினேன். ஷெல் வாய் திறக்கவில்லை.
அது அப்படித்தான். சுட்டிய இடத்தில்
ஆள் இருக்கிறாரா என்று விசாரிக்காது.
வெட்டவெளியைக் கைகாட்டினாலும்
கேட்டபடி கட்டித் தந்துவிடும்.
பட்டியல் போட்டால்தான் நிறம் தெரியும்.

சிவப்பு.

பாதையில் ஓர் எழுத்தை விழுங்கியிருக்கிறேன்.
அழித்தேன். இணைப்பை அழித்தால் இணைப்பு மட்டும் போகும்,
அந்தப் பக்கம் யாருக்கும் வலிக்காது.

அம்மா வைத்திருந்த விலாசம் திருச்சி. அப்புறம் சூரத்,
ஏதோ ஜவுளிக் கிடங்கு. அப்போது நான் நாலாம் வகுப்பு.
அதற்கப்புறம் விலாசம் இல்லை.
பாஸ்போர்ட் ஆபீசில் தந்தை பெயர்க் கட்டத்தை நிரப்பினேன்,
சரி பார்த்தார்கள், எழுத்துகளை.

மறுபடி கட்டினேன்.
வெளிர்நீலம்.

நாலரைக்கு முதல் லாரி, ரோஸ்டவுனிலிருந்து,
நாற்பத்திரண்டு டன். ஓட்டுநர் இறங்கவேயில்லை,
கண்ணாடியை நாலு விரல் இறக்கிச் சீட்டுக்குக் கை நீட்டினார்.
நிரல் பழைய கதவைத் தட்டியது. திறந்தது.

ஷிப்ட் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது
டாரில் எட்டிப் பார்த்துக் கேட்டான்:
முன்னால் அது என்ன, படமா?

அ என்றேன். அதன் பக்கத்தில்
புள்ளியை வைத்தேன்.