தட்டினால் மூடுவது

மார்ச் மாதம், கூல்வா கடற்கரை, விடிந்து ஒரு மணி நேரம்.
குதிகாலை இடமும் வலமுமாகத் திருகத் திருக
மணல் கூழாகிறது.
கணுக்கால் வரை இறங்கிவிட்டேன்.
பாதத்தடியில் கெட்டியாக ஏதோ நெருடினால்
மட்டி.
குனிந்து கை விடுவதற்குள்
அலை வந்து பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

ரெமி காரைவிட்டு இறங்கவில்லை.
பெட்ரோல் பங்க்கிலேயே விற்கிறானே,
உறைந்த பொட்டலம், ஏழு டாலர்,
எதற்கு இந்த ஆட்டம் என்கிறான்
கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி.

உறைந்த மட்டி உருகும்போது
உள்ளே இருந்த பிடிவாதமும் உருகிவிடும்.
வீசினால்
ஈயக்குண்டு ஒரு பக்கம் போகும்,
இரை ஒரு பக்கம்.
பேத்தை மீன்தான் உனக்கு நன்றி சொல்லும் என்றேன்.
கண்ணாடி ஏறிவிட்டது.

மூன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்ததைக்
கடலுக்கே விட்டுவிட வேண்டும்.
போன வருடம் ஓர் அதிகாரி
என் வாளியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக அளந்தார்.
ஒன்றே ஒன்று துளையில் நழுவி விழுந்தது.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் அதைப் பார்த்தேன்.
அது நாக்கை நீட்டி
மணலைத் தேடிக்கொண்டிருந்தது.

வேறு இரையும் போட்டுப் பார்த்தவள்தான்.
தூணில் அப்பியிருக்கும் நீலச் சிப்பி,
வாசனையில் அதை அடிக்க ஆளில்லை,
ஆனால் முள்ளில் நிற்காது, நூல் சுற்ற வேண்டும்,
நூலுக்குப் பொறுமை வேண்டும்,
என் பொறுமையெல்லாம் இரவுப் பணியிலேயே செலவாகிவிடுகிறது.
கணவாய் நிற்கும். நின்றுகொண்டே இருக்கும்.
மீன் தொடாவிட்டால்
எது எவ்வளவு நேரம் நின்று என்ன?

சலவை அறையில் வாளி.
குழாய்த் தண்ணீர் ஆகாது, கடல் தண்ணீர்தான்.
ராத்திரி பூராவும்
யாரோ பல்லிடுக்கில் மிச்சம் தேடுவது மாதிரி
சின்னச் சின்னச் சத்தம்.
நான் கேட்கவில்லை, ரெமி சொன்னான்.
நான் அப்போது முதியோர் இல்லத்தில்
ஒன்பதாம் அறையில் நின்றிருந்தேன்.
திருமதி ஹாலண்டின் புறங்கையை
ஒரு விரலால் தொட்டு,
காத்திருந்து,
இன்னொரு முறை தொட்டேன்.
விரல்கள் மடங்கின, மெதுவாக.
நான்கு மணி என்று குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து யூனிபார்மை மாற்றாமலே
வாளி முன் உட்கார்ந்தேன்.
வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பார்க்க வேண்டும்.
மூடினால் உயிர்.
மூடாததைத் தனியே வை.
அவசரப்பட்டு வைக்காதே.

பிளஃப் படகுத்துறையில் காற்று தெற்கே திரும்பியிருந்தது.
மட்டியைப் பிளந்தேன்:
நாக்கு மாதிரியான கால் முள்ளுக்கு,
மஞ்சள் வயிறு மணத்துக்கு,
முள்ளின் நுனி மட்டும் ஒரு மயிரிழை வெளியே.
ஆகப் பெரிய பத்தைத் தனியாக ஒதுக்கினேன்,
ஆகப் பெரிய கிழங்கானுக்கு.

இரண்டரை மணி நேரம்.
நண்டு ஒன்று வந்து நறுவிசாகத் தின்றுவிட்டுப் போனது.

ரெமிக்கு மூன்று.
ஏழு டாலர் பொட்டலம், வழிகிற சளி,
பாதி முள் வெளியே தெரிகிறது,
மூன்று கிழங்கான்,
ஒன்று என் முழங்கை நீளம்.
அவன் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.
துடைத்த கையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராத்திரி அடுப்பில் பானை.
மிளகு, பூண்டு, கொஞ்சம் மஞ்சள்,
ஒதுக்கிவைத்த பத்தும் மற்றதும்.
கொதி வந்ததும் எல்லாம் வாய் திறந்தன,
இம்முறை நான் தட்டவில்லை.

ரெமி காலிப் பொட்டலத்தின் பின்புறத்தை
உரக்கப் படித்தான்:
இரைக்கு மட்டும். மனிதர் உண்ணத் தக்கதல்ல.
பானையைப் பார்த்தான்.
அது வேறு, இது வேறு என்றேன்.

முதல் வாயிலேயே மணல் நறுக்கென்றது.
இன்னும் ஒரு ராத்திரி வைத்திருக்கணும் என்றேன்.
கிழங்கான் இதைப் பற்றியெல்லாம்
புகார் சொன்னதில்லை என்றான்,
இன்னொன்றை எடுத்துக்கொண்டே.