சுற்றுப்பாதை

ஒடுகத்தூர் தாண்டி மலையேறும் முதல் பஸ்
இறக்கிவிட்ட இடத்துக்கே
சாயங்காலம் வந்து சேர வேண்டும்.
அவ்வளவுதான் திட்டம்.

முழங்கால்வரை புல்.
பனியில் ஊறிய கால்சட்டையோடு
நானும் ஷமீமாவும்.
வார்டில் நேற்று நடந்ததை
யார் முதலில் எடுப்பது?

கடுக்காய் மரங்களுக்கடியில்
வெயில் சில்லறையாய்க் கிடந்தது.
அதற்கப்பால் பாறைகள்,
ஒன்றின் தலையில் ஒன்று,
இதோ உருளப்போகிற மாதிரி
எந்தக் காலத்திலிருந்தோ உருளாமல்.

"தவளை" என்றாள்.
"இட்லிப் பானை" என்றேன்.
நல்ல சண்டை.

இடப்பக்கமாய்ச் சுற்றிப் பின்னால் போனால்
தவளையுமில்லை, பானையுமில்லை.
உள்ளங்கை அகலத்தில்தான் ஊன்றியிருந்தது
அத்தனை பெரிய கல்.
மிச்சமெல்லாம் சந்து,
சந்துக்குள் அந்தப் பக்கத்து ஆகாயம்.

அதில் கையை விட்டுப் பார்த்தாள்.
"பன்னிரண்டாம் கட்டில்காரர் போனபோது
நான் டீ குடிக்கப் போயிருந்தேன்"
என்றாள், பாறையிடம்.

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.
வேறென்ன இருக்கிறது என்னிடம்.

ஐந்தரைக்கு அதே நிறுத்தம்.
காலையில் பார்த்த நாய்
நிழலை மட்டும் மாற்றிப் படுத்திருந்தது.
பஸ் வரும்வரை
அவள் காலுறையில் ஒட்டிய புல்விதைகளை நானும்
என்னுடையதை அவளும்
பிடுங்கிக்கொண்டிருந்தோம்.