நடுத்தர நம்பிக்கை

ஒட்டுசுட்டானில் ஒரு பாலை மர நிழலில்
வாகனத்தை நிறுத்தினோம்.
தூதரகத்தின் இரண்டாம் செயலாளருக்குக்
காதுமடல் சிவந்திருந்தது.
நல்ல மனிதர். தண்ணீர்ப் போத்தலை
முதலில் எனக்கு நீட்டுபவர்.

தவமலர் நீலத் தறப்பாளில்
செத்தல் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சித்திரையில் உங்கள் தறப்பாளுக்குள் எத்தனை பேர்?"
அவர் கேட்டதை நான் கேட்டேன்.
"பதினேழு. ஆனா இரவில ஒருத்தருமில்லை.
எல்லாரும் பங்கருக்குள்ள.
பக்கத்துத் தறப்பாளுக்குக் கீழயும் ஆக்கள் இருந்தவை.
அது இருக்கிறதுக்கு அடிச்சதில்லை, தம்பி. மூடினது."

மூடினது என்ற ஒரு சொல்லுக்கு
எனக்கு இரண்டு வாக்கியம் செலவாயிற்று.

குறிப்பேட்டில் மூலத்துக்குப் பெயரில்லை.
ஓர் எழுத்து, ஓர் எண்.
எழுத்து ஆளை எடைபோடும், எண் சொல்லை.
இழந்தவர்கள் கூட்டிச் சொல்வார்கள் என்று
தவமலருக்கு ஒரு படி குறைந்தது.

அந்தச் சித்திரையில் நான் கொழும்பில்,
குளிரூட்டிய அறையில்,
இவருக்கு முந்தியவரின் மேசைக்கு எதிரே.
வானத்திலிருந்து எடுத்த படம்:
மணலில் நீலப் புள்ளிகள்.
யாரோ எண்ணி முடித்திருந்தார்கள்.
பெருக்குவதற்குத்தான் ஓர் எண் இல்லை.
"வன்னியில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேர், சராசரி?"
தொலைபேசியைத் தோளில் இடுக்கியபடி கேட்டார்.

ஐந்து என்றேன்.
அம்மா, அப்பா, அக்கா, நான், தம்பி.
மாங்குளத்தில் எங்கள் வீடு.
வேறெதையும் யோசிக்கவில்லை,
மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

ஐந்து தந்தியில் ஏறிக் கடல் தாண்டியது.
"களநிலை அறிந்த வட்டாரம்" என்று
எனக்கொரு பட்டம்.
"நடுத்தர நம்பிக்கையுடன் மதிப்பிடுகிறோம்"
என்று அது திரும்பி வந்தது.
அந்தத் தலைநகரில் ஒரு கோடு இருந்ததாம்.
தலைகள் கோட்டைத் தாண்டினால் ஆழ்ந்த கவலை,
தாண்டாவிட்டால் கவலை.
அந்த வாரம் வெறும் கவலை.
அறிக்கையைத் தமிழாக்கியதும் நான்தான்.
"ஆழ்ந்த" என்று எழுதக் கை போனது.
மொழிபெயர்ப்பாளன் கூட்டக்கூடாது.

"எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறாரா?"
இரண்டாம் செயலாளர் பேனையை மூடினார்.

தவமலர் ஒரு மிளகாயை ஒடித்து
விதை உதிர்கிறதா என்று பார்த்தார்.
"உங்களுக்கு அப்ப கணக்குச் சொன்னது ஆர்?
அதை மட்டும் கேளுங்கோ, தம்பி."

"வீட்டுக்கு மிளகாய் கொண்டுபோகச் சொல்கிறார்"
என்றேன்.

அவர் முகம் மலர்ந்து
வாகனத்திலிருந்து ஒரு பையை எடுத்துவந்து
இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.
தவமலர் பையைப் பார்க்கவில்லை.